மருத்துவப் பதிவும் விதிவிலக்கும்: பக்தாத் முதல் துணைச் சுகாதார நிலையம் வரை

ஹிஜ்ரி 319ஆம் ஆண்டு (கி.பி. 931) பக்தாத் நகரில் மருத்துவர் ஒருவரின் பிழையால் ஒரு மனிதர் உயிரிழந்தார். செய்தி அப்பாஸியக் கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. இனி எந்த மருத்துவரும் தேர்வுக்கு உட்படாமல் தொழில் செய்யலாகாது என்று நகரின் முஹ்தஸிபுக்கு அவர் ஆணை பிறப்பித்தார். தேர்வு நடத்தும் பொறுப்பு ஸினான் இப்னு ஸாபித்திடம் ஒப்படைக்கப்பட்டது. பக்தாத் மருத்துவமனைகளின் தலைமைப் பொறுப்பில் இருந்த இவர், கணித மேதை ஸாபித் இப்னு குர்ராவின் மகனாவார். தம்மிடம் வந்த ஒவ்வொருவரையும் ஸினான் சோதித்தார். அவரவர் எந்த அளவுக்கு மருத்துவம் செய்யலாம் என்பதை வரையறுத்து அனுமதி அளித்தார். திஜ்லா நதியின் இரு கரைகளிலுமாக இவ்வாறு சோதிக்கப்பட்டோர் 860க்கும் மேற்பட்டவர்கள் என்று இப்னுல் கிஃப்தீ, இப்னு அபீ உஸைபிஆ ஆகிய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர்.

மருத்துவத் தொழிலுக்கு உரிமம் வழங்கும் முறையின் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சியை விரிவாக எடுத்துரைப்பர். ஆனால் அதே குறிப்பில் அடங்கியுள்ள இரண்டு விதிவிலக்குகள் அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. ஒரு சட்டத்தின் இயல்பை அது வகுக்கும் விதியைக் கொண்டு மட்டும் அறிந்துவிட முடியாது. யாருக்கு, எதற்காக, எந்த எல்லை வரை அது விலக்களிக்கிறது என்பதையும் காண வேண்டும். பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்கு இன்றைய சட்டங்கள் அளிக்கும் விலக்குகளைப் புரிந்துகொள்ள அந்த பக்தாத் தேர்வு நமக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

இருவகை விலக்குகள்

முதல் விலக்கு, தேர்வுக்கே அழைக்கப்படாதவர்களுக்கு உரியது. தொழிலில் புகழ் பெற்றிருந்தவர்களும், ஆட்சியாளரின் பணியில் இருந்தவர்களும் அந்த 860 பேரில் சேர்க்கப்படவில்லை. அவர்களுடைய தகுதி முன்னரே அறியப்பட்டது என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். புகழ்பெற்றவரைப் பொறுத்தவரை அந்த நியாயம் ஓரளவு பொருந்தும். அரண்மனைப் பணி ஒருவருடைய திறமைக்குச் சான்றாகுமா என்பது வேறு கேள்வி.

இரண்டாம் விலக்கு ஒரு முதியவரின் வரலாறாக வந்து சேர்ந்திருக்கிறது. நல்லாடை உடுத்தி, கம்பீரமான தோற்றத்துடன் ஒரு பெரியவர் ஸினானிடம் வந்தார். ஸினான் அவரை மரியாதையுடன் அமர்த்தினார். மற்றவர்களைச் சோதித்து முடித்த பின், தமக்கு நினைவில் வைக்கத்தக்க ஏதேனும் மருத்துவச் செய்தியைக் கூறுமாறு அவரை வேண்டினார். பெரியவர் தம் சட்டைக் கையிலிருந்து பொற்காசுகள் பொதிந்த ஒரு தாளை எடுத்து முன்வைத்தார். தமக்குச் சரிவர எழுதப் படிக்கத் தெரியாது என்றும், இந்தத் தொழிலை நம்பியே குடும்பம் வாழ்கிறது என்றும், பிழைப்பைத் தடுத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஸினான் சிரித்தார், ஆனால் நிபந்தனை விதித்தார். தமக்குத் தெரியாததை நோயாளியிடம் கையாளக் கூடாது. எளிய நோய்களுக்கன்றிக் குருதி எடுத்தலோ பேதி மருந்தோ பரிந்துரைக்கக் கூடாது என்றார். வாழ்நாள் முழுவதும் தாம் தேன் கலந்த காடிப் பானத்தையும் பன்னீர்ச் சர்பத்தையும் தாண்டியதில்லை என்று பெரியவர் பதிலளித்து விடைபெற்றார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் பயின்றீர் என்று கேட்டபோது, நேற்று வந்த பெரியவரே தம் தந்தை என்றும் அவரிடமே பயின்றதாகவும் கூறினார். தந்தையின் வழியிலேயே நடக்கும்படியும் அதைத் தாண்ட வேண்டாம் என்றும் கூறி ஸினான் அவரை அனுப்பிவைத்தார்.

இதை நகைச்சுவைத் துணுக்காகவே பலரும் சுவைத்திருக்கின்றனர். உண்மையில் இது சட்டவியல் பாடமொன்றைத் தன்னுள் கொண்டது. அரண்மனை மருத்துவருக்குக் கிடைத்த விலக்கு அவருடைய தகுதிநிலையை ஒட்டியது. அதற்கு எல்லை ஏதும் குறிக்கப்படவில்லை. முதியவருக்குக் கிடைத்த விலக்கோ அவர் செய்யும் செயலை ஒட்டியது. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று அது வகுத்துரைத்தது. முன்னது ஆளுக்கு உரிய விலக்கு. பின்னது பணிக்கு உரிய விலக்கு. இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தவறும்போதுதான் மருத்துவச் சட்டங்களில் குழப்பம் தோன்றுகிறது.

பொறுப்பும் சமூகக் கடமையும்

இஸ்லாமியச் சட்ட மரபில் மருத்துவத்தைப் பற்றிய சிந்தனை இரு கருத்துகளின்மீது நிற்கிறது. ஒன்று ‘ளமான்’ எனப்படும் ஈட்டுப் பொறுப்பு. மருத்துவம் அறிந்தவரென முன்னர் அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்யப் புகுந்தால், நேரும் தீங்குக்கு அவரே பொறுப்பாவார் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் தமது ‘ஸாதுல் மஆத்’ நூலில் இதனை விரித்துரைக்கும்போது, தொழிலை அறிந்து, அதற்குரிய முறைப்படி, அனுமதியுடன் செயல்பட்ட மருத்துவரையும், அறியாமலே கைவைத்தவரையும் தனித்தனியே வகைப்படுத்துகிறார்கள். முன்னவரின் கையை மீறி நேர்ந்த இழப்புக்கு ஈடு இல்லை. பின்னவர்மீது பொறுப்பு உண்டு.

மற்றொன்று ‘ஃபர்ள் கிஃபாயா’ எனப்படும் சமூகக் கடமை. சிலர் நிறைவேற்றினால் அனைவரின் மீதிருந்தும் நீங்குவதும், எவருமே நிறைவேற்றாவிட்டால் ஊர் முழுவதையும் குற்றவாளியாக்குவதும் இக்கடமையின் இயல்பு. மருத்துவத்தை இவ்வகையில் சேர்த்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள், மார்க்கச் சட்டம் பயில மக்கள் திரள்வதையும், மருத்துவத்துக்கோ முஸ்லிம்களில் ஆளில்லாத ஊர்கள் பல இருப்பதையும் ‘இஹ்யா’வில் கண்டிக்கிறார்கள்.

இவ்விரண்டு கருத்துகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பவை. பொறுப்பைப் பற்றிய கருத்து, அறியாதவர்களை வாயிலில் தடுத்து நிறுத்தச் சொல்கிறது. சமூகக் கடமையைப் பற்றிய கருத்து, ஒருவரும் மருந்தின்றி விடப்படலாகாது என்கிறது. தடுப்பதை மட்டும் செய்தால் தொலைதூரக் கிராமத்தில் மருந்தே இராது. திறந்துவிடுவதை மட்டும் செய்தால் மருந்தின் பெயரால் தீங்கு நுழையும். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் விதிவிலக்கு பிறக்கிறது. தேர்வு நடத்திய அதே ஸினானிடம், அமைச்சர் அலீ இப்னு ஈஸா சிறைகளுக்கு மருத்துவர்களை அனுப்பவும், மருந்துப் பெட்டியுடன் ஸவாத் கிராமங்களுக்குச் சுற்றி வரும் மருத்துவக் குழுவை அனுப்பவும் கடிதம் எழுதியதை வரலாறு குறித்திருக்கிறது. தகுதியைச் சோதித்த கையே தகுதியானவரை ஏழைகளிடம் அனுப்பியும் வைத்தது. இவ்விரு பணிகளையும் ஒருசேரக் காணாதவர், பதிவுச் சட்டத்தைத் தொழில் செய்வோரின் வேலியாக மட்டுமே பார்ப்பர்.

நம் நாட்டில் பதிவேடு வந்த வரலாறு

நவீனப் பதிவேட்டு முறை நமக்கு பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் பொது மருத்துவ மன்றத்தையும் ஒரே பதிவேட்டையும் உருவாக்கிற்று. இந்தியாவில் 1912இல் பம்பாயும் 1914இல் சென்னை மாகாணமும் தத்தம் பதிவுச் சட்டங்களை இயற்றின. 1933இல் இந்திய மருத்துவ மன்றச் சட்டமும், அதற்குப் பதிலாக 1956ஆம் ஆண்டின் சட்டமும் வந்தன. மருந்தாளுநருக்கு 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டமும், செவிலியருக்கு 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டமும் அமைந்தன.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மாநில மருத்துவப் பதிவேட்டில் இடம்பெற்றவரைத் தவிர வேறெவரும் நவீன மருத்துவம் செய்யலாகாது என்றது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இதன் இடத்தைப் பிடித்து, 2020 செப்டம்பர் 25ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ்த் தண்டத்தின் உச்சம் 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது.

இதற்கிடையே எடுக்கப்பட்ட மற்றொரு முடிவும் இங்கு நோக்கத்தக்கது. 1946இல் அறிக்கை அளித்த போர் குழுவின் காலத்தில் நாட்டில் ஏறத்தாழ 47,500 பதிவு பெற்ற மருத்துவர்கள் இருந்தனர். அவர்களுள் சுமார் 30,000 பேர் பட்டதாரிகள் அல்லர். குறுகிய காலப் படிப்பை முடித்த ‘லைசென்ஷியேட்’ மருத்துவர்கள். இனி ஒரே தரத்தில் பயின்ற ஒரே வகை மருத்துவர் போதும் என்று குழுவின் பெரும்பான்மை கருதியது. நாட்டின் தேவைக்கு அது போதாது என்று உறுப்பினர் சிலர் மாற்றுக் கருத்து தெரிவித்தனர். பெரும்பான்மையின் கருத்தே வென்றது. தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் இடைநிலை மருத்துவரின் இடம் வெறுமையாயிற்று. அந்த வெற்றிடத்தில் ஊர்தோறும் பதிவற்ற, பயிற்சியற்ற ‘டாக்டர்கள்’ நுழைந்ததை நாம் அறிவோம். சட்டத்தின் எழுத்துப்படி அவர்கள் இல்லை, தெருமுனையில் இருக்கிறார்கள். எழுதி வரையறுக்கப்பட்ட விலக்கு இல்லாத இடத்தில், எழுதப்படாத விலக்கு ஒன்று தானே உருவாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விலக்கின் அமைப்பு

எழுதி வரையறுக்கப்பட்ட விலக்கு எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளே நல்ல எடுத்துக்காட்டு. மருந்தை விற்கவும் வழங்கவும் உரிமம் வேண்டும் என்பது பொது விதி. அவ்விதிகளின் ‘கே’ அட்டவணை சிலருக்கு இதிலிருந்து விலக்களிக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தையும் துணை நிலையத்தையும் சேர்ந்த பல்நோக்குப் பணியாளர்கள், கிராமச் சுகாதாரத் திட்டத்தின் சமூகத் தொண்டர்கள், செவிலியர்கள், துணைச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோர் விற்பனை உரிமமின்றி மருந்து வழங்கலாம். நிபந்தனை ஒன்று உண்டு: அம்மருந்து மத்திய அல்லது மாநில அரசின் சுகாதார, குடும்ப நலத் திட்டத்தின் கீழ் வழங்கப்படுவதாக இருத்தல் வேண்டும்.

இந்த ஒரு வரி நிபந்தனையில் விலக்கின் முழு அறிவும் அடங்கியுள்ளது. அங்கன்வாடிப் பணியாளர் இரும்புச் சத்து மாத்திரையைத் திட்டத்தின் பெட்டியிலிருந்து கொடுத்தால் சட்டம் அவருக்குக் காவல். அதே மாத்திரையைத் தம் வீட்டுத் திண்ணையில் விற்றால் அக்காவல் இல்லை. விலக்கு அவருடைய பெயரில் எழுதப்படவில்லை. அவர் வகிக்கும் பணியிலும் அவர் கையிலுள்ள பெட்டியிலும் எழுதப்பட்டிருக்கிறது. நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களைப் பற்றியும் இங்கு ஒரு சொல் கூறுதல் தகும். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் தன்னார்வ இளைஞர், அரசுத் திட்டத்துக்கு உரிய இவ்விலக்கின் நிழலில் ஒதுங்க இயலாது. முகாமில் மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து வழங்குவதும், பதிவு பெற்ற மருந்தாளுநர் உடனிருப்பதும் நல்லெண்ணத்துக்கு மாற்றாகக் கேட்கப்படும் சம்பிரதாயங்கள் அல்ல. நோயாளிக்கு நாம் செலுத்த வேண்டிய அமானிதம்.

மற்றொரு எடுத்துக்காட்டு பிரசவம். தாய் குழந்தையைப் பெற்ற பின் ஏற்படும் மிகையான குருதிப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உயிரைப் பறிக்கவல்லது. சமவெளியில் 5,000 மக்களுக்கும், மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 மக்களுக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அங்கே இருப்பவர் மருத்துவர் அல்லர். தமிழகத்தில் கிராமச் சுகாதாரச் செவிலியர் என நாம் அழைக்கும் துணைச் செவிலியர். அவர் செவிலியர் பதிவேட்டில் இருக்கிறார். மருத்துவர் பதிவேட்டில் இல்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசியோ மிசோப்ரோஸ்டால் மாத்திரையோ மருத்துவரின் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்றால், மருத்துவர் வந்து சேரும் முன் தாய் இறந்துபோவார். ஆகவே பேறுகால இறப்பைக் குறைக்கும் முயற்சியின் பகுதியாக, இம்மருந்துகளைப் பயன்படுத்தவும், வலிப்பு கண்ட தாய்க்கு மக்னீசியம் சல்பேட்டின் முதல் அளவைச் செலுத்தி மேல் மருத்துவமனைக்கு அனுப்பவும் துணைச் செவிலியருக்கு இந்திய அரசு அனுமதி வழங்கிற்று. 2010ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் இதனைத் தெளிவுபடுத்தின. முதல் அளவு மட்டும், அதன்பின் உடனே அனுப்புதல் என்னும் வரம்பு, ஸினான் முதியவருக்கு இட்ட வரம்பை நினைவூட்டுகிறது.

எவ்வளவு எளிய கைகளிடம் எவ்வளவு பெரிய பணியை ஒப்படைக்க முடியும் என்பதை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் காட்டியது. மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் ஆகியோர் அங்கே 39 கிராமங்களில் ஓரளவே பள்ளிப் படிப்புள்ள பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். பிறந்த குழந்தையின் எடை, வெப்பம், மூச்சு ஆகியவற்றைக் கவனிக்கவும், கிருமித் தொற்றின் அறிகுறி கண்டால் ஜென்டாமைசின் ஊசி போடவும் அப்பெண்கள் கற்றனர். 1999இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவுகளின்படி, ஒப்பீட்டுக் கிராமங்களை நோக்க, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது. நாடு முழுவதற்கும் இதனை எடுத்துச் சென்றபோது அரசு எச்சரிக்கையுடன் நடந்துகொண்டது. 2011இல் வீடுதேடிச் சென்று குழந்தையைக் கவனிக்கும் பணி ‘ஆஷா’ பணியாளர்களிடம் தரப்பட்டது. ஜென்டாமைசின் ஊசியோ 2014ஆம் ஆண்டின் நெறிமுறைகளில், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டும், துணைச் செவிலியருக்கு அனுமதிக்கப்பட்டது. கட்சிரோலியில் விளைந்த பயனுக்குப் பயிற்சியைப் போலவே இடைவிடாத மேற்பார்வையும் காரணம். மேற்பார்வையை விட்டுவிட்டு ஊசியை மட்டும் பரப்புவது ஆபத்து என்பதை நெறிமுறை வகுத்தோர் உணர்ந்திருக்க வேண்டும்.

எல்லை கலங்கும்போது

எல்லை தெளிவாக இல்லாத விலக்கு நீதிமன்றத்தில் நிற்பதில்லை. அஸ்ஸாம் மாநிலம் 2004இல் ஒரு சட்டம் இயற்றி, கிராமப்புறங்களில் நவீன மருத்துவம் செய்வதற்கான மூன்றாண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. 2014இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. 2015இல் மாநிலம் புதிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, அதே பட்டயதாரர்களைச் சமூகச் சுகாதாரப் பணியாளர்களாகப் பதிவு செய்தது. 2023 ஜனவரி 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்விரு சட்டங்களையும் வேறுபடுத்திக் கண்டது. மருத்துவக் கல்வியின் தரத்தை நிறுவுவது நாடாளுமன்றத்தின் அதிகாரம். ஆகவே 2004ஆம் ஆண்டுச் சட்டம் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மோதுகிறது, அது செல்லாது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை மருத்துவருக்கு நிகராக வைக்கவில்லை. ஆதலால் அது செல்லும். ஆட்கள் அவர்களே, பயின்ற படிப்பும் அதுவே. மாறியது, அவர்களுக்குச் சட்டம் சூட்டிய பெயரும் குறித்த எல்லையுமே.

அம்மனிதர்கள் திறமையற்றவர்கள் என்பது இத்தீர்ப்பின் பொருளன்று. சத்தீஸ்கர் மாநிலமும் 2001இல் சட்டம் இயற்றி, இதே போன்ற மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கியது. அதில் தேறியோர் பின்னர் கிராம மருத்துவ உதவியாளர்களாக ஆரம்பச் சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். அடிப்படை நோய்களைக் கையாள்வதில் அவர்கள் மருத்துவப் பட்டதாரிகளுக்கு இணையாகச் செயல்பட்டதை 2010ஆம் ஆண்டு வெளியான இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளையின் ஆய்வு கண்டறிந்தது. திறமை இருப்பது ஒன்று. அத்திறமைக்குச் சட்டம் இடும் எல்லை வேறொன்று. இரண்டும் ஒருங்கே அமைந்தால்தான் நோயாளிக்குக் காவல்.

எல்லை கடந்தவரைச் சட்டம் எவ்வாறு கருதுகிறது என்பதையும் 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று விளக்குகிறது. ஹோமியோபதியில் மட்டும் பதிவு பெற்ற ஒருவர் காய்ச்சல் கண்ட நோயாளிக்கு அலோபதி மருந்துகளைக் கொடுத்தார், நோயாளி இறந்தார். தாம் பயிலாத மருத்துவ முறையைக் கையாண்டதே கவனக்குறைவுக்குப் போதிய சான்று என்று நீதிமன்றம் கூறி, இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மருத்துவத்தில் அறியப்படாதவர் தீங்குக்குப் பொறுப்பாவார் என்னும் நபிமொழியின் கருத்துக்கும் இத்தீர்ப்புக்கும் இடையிலுள்ள நெருக்கத்தைச் சட்டம் பயில்வோர் எளிதில் உணர்வர்.

2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவைப் பற்றி எழுந்த விவாதத்தையும் இவ்வொளியில் காணலாம். இடைநிலையில் மருத்துவம் செய்யும் சமூகச் சுகாதார வழங்குநர்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் அளிக்க அப்பிரிவு வழிசெய்தது. அவர்களின் எண்ணிக்கை பதிவு பெற்ற மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்கை மீறலாகாது. முதனிலை, நோய்த்தடுப்புச் சிகிச்சையில் மட்டும் அவர்கள் குறித்த மருந்துகளைத் தாமே பரிந்துரைக்கலாம். பிறவற்றில் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். இவையெல்லாம் நல்ல எல்லைகளே. ஆயினும் யார் இவ்வுரிமத்துக்கு உரியவர் என்னும் இடத்தில், நவீன அறிவியல் மருத்துவத் தொழிலோடு தொடர்புடையவர் என்று மட்டும் கூறி, எஞ்சியதை ஒழுங்குமுறைகளுக்கு விட்டுவிட்டது சட்டம். இது போலி மருத்துவர்களுக்கு வாயில் திறப்பதாகும் என்று கூறி இந்திய மருத்துவச் சங்கம் 2019 ஜூலை 31ஆம் நாள் நாடு தழுவிய 24 மணி நேர வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. கிராமங்களுக்குச் செல்ல மருத்துவர்கள் முன்வராத நிலையில் வேறு வழி என்ன என்று அரசின் பக்கம் நின்றோர் கேட்டனர். ஒரு பக்கம் ளமானின் குரல்; மறுபக்கம் ஃபர்ள் கிஃபாயாவின் குரல். செய்பவருக்கு எல்லை வகுத்துவிட்டு, செய்பவர் யார் என்பதை மங்கலாக விட்டதே அப்பிரிவின் குறை.

விலக்கு பெற்றவரின் உரிமை

இதுகாறும் நோயாளியின் பக்கமிருந்து பேசினோம். விலக்கின்கீழ்ப் பணிபுரிபவரின் பக்கமும் ஒன்று உண்டு. உஸ்மானியப் பேரரசில் 1869க்கும் 1876க்கும் இடையே தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பின் 91ஆம் விதி, சட்டம் அனுமதித்த செயலுக்கு ஈட்டுப் பொறுப்பு இல்லை என்னும் ஃபிக்ஹுக் கோட்பாட்டைக் கூறுகிறது. இதன்படி நோக்கினால், எழுத்தில் தரப்பட்ட அனுமதி நோயாளியைக் காப்பது போலவே பணியாளரையும் காக்கிறது. நள்ளிரவில் குருதிப்போக்குடன் கிடக்கும் தாய்க்கு ஊசி போடலாமா, கூடாதா என்று செவிலியர் தயங்கும் நொடியில், அவர் துணிந்து கைநீட்டுவதற்கு அந்த ஒரு தாள்தான் துணை. எல்லை எழுதப்படாத இடத்தில் நல்லவர் அஞ்சி ஒதுங்குவார். துணிச்சல்காரர் மட்டுமே கைநீட்டுவார்.

2005இல் தொடங்கப்பட்ட தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் 1,000 மக்களுக்கு ஒருவர் என்ற அளவில் ‘ஆஷா’ பணியாளர்களை உருவாக்கியது. எந்தத் தொழில்முறைப் பதிவேட்டிலும் இடம்பெறாத இப்பெண்கள் கொரோனாப் பெருந்தொற்றின் போது வீடுவீடாகச் சென்றனர். 2022 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதளித்துப் பெருமைப்படுத்தியது. ஆனால் அவர்கள் தன்னார்வலர் என்றே வகைப்படுத்தப்பட்டு, ஊதியத்துக்குப் பதிலாக ஊக்கத்தொகை பெறுபவர்கள். இதனை எதிர்த்துப் பல மாநிலங்களில் அவர்கள் போராடியும் வந்துள்ளனர். பதிவிலிருந்து அளிக்கப்பட்ட விலக்கு, பணியாளர் என்னும் உரிமையிலிருந்தும் அவர்களை விலக்கிவிடலாமா? தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டு வாசலில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை வழங்கும் மகளிர் தன்னார்வலர்களைப் பற்றியும் இக்கேள்வியைக் கேட்கலாம்.

ஆகவே விதிவிலக்கு ஒன்றை எதிர்ப்படும்போது நாம் கேட்க வேண்டியவை நான்கு. எந்தச் செயலுக்கு அது அனுமதி தருகிறது? அச்செயலை மேற்பார்ப்பவர் யார்? தீங்கு நேர்ந்தால் பதில் சொல்பவர் யார்? நன்கு பணி செய்தவருக்கு அது தரும் காவலும் மதிப்பும் என்ன? இந்நான்குக்கும் விடையுள்ள விலக்கு, விதியைத் தளர்த்துவதன்று. விதி சென்றடையாத இடத்துக்கு அதனைக் கொண்டு செல்வது. விடையற்ற விலக்கு, அது அரண்மனை மருத்துவருக்குத் தரப்பட்டதாயினும், தெருமுனைப் போலிக்குக் கண்டும் காணாமல் விடப்பட்டதாயினும், ஒன்றேதான்.

பக்தாதின் அந்த முதியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் எல்லை தெரியும். அந்த எல்லையை உரக்கச் சொல்லவும், மறுநாள் அவர் மகனிடம் மறுமுறை நினைவூட்டவும் ஸினான் இருந்தார். அரண்மனை மருத்துவர்களிடம் அப்படி ஒரு சொல்லைச் சொன்னவர் எவரும் இருந்ததாக வரலாறு குறிப்பிடவில்லை.